தண்டுவட டிபி: மருந்து ஏற்றாத எம்ஆர்ஐ எதைத் தவறவிடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கால் மரத்து, நடை தள்ளாடி ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் காசநோயை (டிபி) முதலிலேயே நினைத்தாக வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டிபியும் எச்ஐவியும் சேர்ந்தே இருக்கின்றன. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற டர்பனின் இந்தியர் பகுதி வீடுகளில் சர்க்கரை நோயும் டிபிக்கு வழிவிடுகிறது. ‘வயசான முதுகு, வலிக்கத்தான் செய்யும்’ என்று தைலம் தேய்த்தே மாதங்கள் போய்விடும்.

மருத்துவர் தரும் ஸ்கேன் சீட்டில் பெரும்பாலும் ‘இடுப்பு எம்ஆர்ஐ’ என்று மட்டும் இருக்கும். அதோடு நிற்கக் கூடாது. டிபி ஓரிடத்தில் முள்ளெலும்பை அரித்துவிட்டு, நடுவிலுள்ள நல்ல எலும்புகளைத் தாண்டி வேறோர் இடத்திலும் இருக்கும். முழு முதுகையும் நீளவாட்டில் ஒருமுறை எடுக்கச் சில நிமிடங்களே கூடும். கழுத்தின் இரண்டாம் எலும்பிலிருந்து எண்ணிக்கொண்டு வரவும் அந்தப் படம் வேண்டும். இல்லையென்றால் நெஞ்சுப்பகுதியில் எட்டா ஒன்பதா என்ற குழப்பம் அறுவை அரங்குவரை போகும்.

எலும்பு டிபியைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் டி1 (திரவம் கறுப்பாகத் தெரியும் எம்ஆர்ஐ படவகை) படத்தில் கறுத்து, கொழுப்பை அணைத்து எடுக்கும் ஸ்டிர் படத்தில் வெளுத்துத் தெரியும். முன்புறத் தசைநாருக்கு அடியில் சீழ் இறங்கும். நோயுள்ள இடத்தைப் படத்தில் ஒளிரவைக்கும் கேடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினால், அந்தக் கட்டியின் சுவர் மெல்லிசாக, சீராக ஒளிரும். டிஸ்க் ஓரளவு தப்பியிருக்கும். மற்ற சீழ்க்கிருமிகளில் டிஸ்க் சீக்கிரமே கரையும், சுவரும் தடித்துக் கோணலாக இருக்கும். எச்ஐவி உள்ளவரிடம் இந்த வித்தியாசங்கள் குழம்பிப்போகலாம்.

ஏமாற்றுவது தண்டுவட உறைகளிலும் நரம்பு வேர்களிலும் படிகிற டிபிதான். எலும்பில் ஒரு மாற்றமும் இல்லாமலே வரும். மருந்து ஏற்றாத படத்தை ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட முடியும். கூர்ந்து பார்த்தால் சில தடயங்கள் உண்டு. திரவம் வெளுப்பாகத் தெரியும் டி2 படத்தில் தண்டுவடத்தின் விளிம்பு சுற்றியுள்ள திரவத்தோடு கலைந்திருக்கும். டி1-இல் கறுப்பாக இருக்க வேண்டிய திரவம் புரதம் ஏறிச் சாம்பலாகியிருக்கும். இடுப்பின் குறுக்குவெட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பின்பக்கம் படிந்திருக்க வேண்டிய வேர்கள் சடைபோல் ஒட்டித் திரண்டிருக்கும். கேடோலினியம் ஏற்றினால் அந்தத் திரளும் உறையும் தடித்த கோடுகளாக, மணிமணியாக ஒளிரும். தண்டுவடத்துக்குள்ளேயே டிபிக் கட்டி இருந்தால் வளையமாகத் தெரியும்.

கேடோலினியத்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மில்லிக்கு 0.5 மில்லிமோல் உள்ள மருந்தென்றால் 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே என்றால் எந்த வகைக் கேடோலினியம் என்று மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் ஊசி. ஸ்டிரை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஸ்டிர் கொழுப்பை அதன் டி1 நேரத்தை (காந்தத்தில் கிளறப்பட்ட திசு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) வைத்து அணைக்கிறது. கேடோலினியம் ஏறிய திசுவின் டி1-உம் அதை நெருங்கிவிடுவதால், பார்க்க வந்த நோயே அணைந்துபோகும். ஊசிக்குப் பின் கொழுப்பை அடக்கிய டி1, நீளவாட்டிலும் குறுக்கிலும், 3 மில்லிமீட்டர் வெட்டுகளாக. முதுகில் உலோகத் தண்டு உள்ளவருக்கு கொழுப்பை அடக்கும் வழக்கமான ‘ஃபேட் சாட்’ முறை சொதப்பும். அங்கே கொழுப்பையும் நீரையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் டிக்சன் முறை கைகொடுக்கும்.

இன்னொரு பொறி: நெஞ்சுப்பகுதித் தண்டுவடத்தின் பின்னால் டி2-இல் தெரியும் கறுப்புத் திட்டுகள். பெரும்பாலும் அது திரவம் ஓடுவதால் வருகிற நிழல். குறுக்குவெட்டிலும் மருந்து ஏற்றிய படத்திலும் ஒன்றும் இல்லையென்றால் அதைக் கட்டி என்று எழுதக் கூடாது.

வலியோடு அரைமணி நேரத்துக்கு மேல் மல்லாந்து படுப்பது கொடுமை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, ‘தாத்தா, சத்தம் நிக்கிற வரைக்கும் அசையாதீங்க’ என்று ஒவ்வொரு தொடருக்கு முன்னும் சொன்னால் பாதிப் படங்கள் தப்பும்.

படம் டிபியைச் சுட்டிக்காட்டும், நிரூபிக்காது. சீழிலோ திசுவிலோ டிபிக் கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் சோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் வேண்டும்; ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்கு நோய் கேட்குமா என்பதும் அதில்தான் தெரியும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு கால் இன்னும் தளர்ந்து, புதுப் படத்தில் ஒளிர்வு கூடியிருந்தால் உடனே மருந்து தோற்றுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பும்போதும் அப்படி வீங்கும், எச்ஐவி மருந்து புதிதாகத் தொடங்கியவரிடம் குறிப்பாக. ஆகவே மறு ஸ்கேன் சீட்டில் டிபி மாத்திரை தொடங்கிய தேதியும் எச்ஐவி மாத்திரை தொடங்கிய தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டே அறிக்கை எழுதுங்கள்.