ரோலர் கோஸ்டரில் எதற்குப் பயப்பட வேண்டும்

சங்கிலி ரயிலைக் கொழுவி மேலே இழுக்கத் தொடங்கியதும் காலடியிலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். ரோலர் கோஸ்டரில் ஏறிய பலருக்கு வயிறு கலங்குவது அந்த இடத்தில்தான். ஏதோ ஒன்று கழன்று அடிபடுகிறது என்று நினைப்பார்கள். பெட்டியின் அடியில் கனத்த இரும்பு நாக்கு ஒன்று கீலில் தொங்குகிறது. ஏற்றத்தின் நடுவே பல்லுப் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை கீழிருந்து உச்சிவரை போகிறது. பெட்டி ஏற ஏற நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டி விழும். அந்தச் சத்தம்தான் அது. சங்கிலி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் கடைசியாகத் தாண்டிய பல்லில் நாக்கு முட்டிக்கொள்ளும், ரயில் பின்னால் ஓடாது. அதற்கு மின்சாரமோ கணினியோ தேவையில்லை, புவியீர்ப்பு போதும். சில புதிய கோஸ்டர்களில் இந்தச் சத்தம் வராதபடி செய்திருக்கிறார்கள். சத்தம் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

இந்தத் தடுப்பு பிடிக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 1972 மே 30ஆம் திகதி லண்டன் பற்றர்சீ பூங்காவில் நடந்தது சாட்சி. இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்ட ரயில் பின்னோக்கி உருண்டது. பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய அமைப்பு வேலை செய்யவில்லை. 5 சிறுவர்கள் இறந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ரோலர் கோஸ்டர் இல்லை. ஆனால் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ சொந்தக்காரரிடம் போகிறவர்களைப் பிள்ளைகள் முதலில் இழுத்துக்கொண்டு போவது இப்படியான பூங்காக்களுக்குத்தான். ஊரிலே நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், முற்றவெளி மைதானத்தில் கண்காட்சியோ கார்னிவலோ நடக்கிறபோதும் ராட்டினம், கொலம்பஸ் கப்பல், சின்ன டிராகன் ரயில் என்று வந்து இறங்குகின்றன. முன்னதைப் பார்த்து நடுங்குகிறோம். பின்னதில் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கச்சான் வாங்கப் போகிறோம். எனது பார்வையில் இது அப்படியே மாறி இருக்க வேண்டும்.

முதலில் பெரிய கோஸ்டர். கனடாஸ் வொண்டர்லாண்ட் பூங்காவில் உள்ள லெவயதன் கோஸ்டர் 93 மீற்றர் உயரம், மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். பார்க்கிறவருக்கு உயரமும் வேகமும்தான் ஆபத்தாகத் தெரியும். பொறியியலாளருக்கோ அவை இரண்டும் முதலிலேயே கணக்குப் போட்டு முடித்த விடயங்கள். எந்த வளைவில் உடம்பில் எத்தனை மடங்கு பாரம் ஏறும் என்பது தண்டவாளம் வளைக்கப்படும் முன்பே தெரியும். தலைகீழ் வளையம் முழு வட்டமாக இல்லாமல் நீர்த்துளி வடிவில் இருப்பதும் இதனால்தான். 1895இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் முழு வட்ட வளையம் வைத்த கோஸ்டர் சனத்தின் கழுத்தை நோகடித்தது, ஏனெனில் வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் பாரம் திடீரென ஏறியது. மேலே இறுக்கமாகவும் கீழே அகலமாகவும் வளைத்தபோது அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தண்டவாளத்தை விட்டு ரயில் கழன்று பறக்கும் என்ற பயத்துக்கும் பதில் சக்கரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று வகை உண்டு: மேலே ஓடுவது, பக்கவாட்டில் உரசுவது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்து பிடிப்பது. அடிச் சக்கரத்துக்கு அமெரிக்கக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜோன் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்றார். குழாய்த் தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்வியபடி ஓடுகிற ரயில், தலைகீழாக நின்றுவிட்டால்கூடக் கீழே விழாது. ஆனால் அந்தத் தொகுதியைப் பெட்டியோடு பிணைக்கிற போல்ற் தளர்ந்தால் இந்தக் கவ்வலுக்கு அர்த்தம் இல்லை. 1986இல் கனடாவின் எட்மன்டனில் மைன்ட்பென்டர் கோஸ்டரில் நடந்தது அதுதான். போல்ற் தளர்ந்து கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதி கழன்றது. 3 பேர் இறந்தார்கள்.

2007 மே மாதம் ஜப்பானின் ஒசாகாவில் சக்கர அச்சு முறிந்து ஓர் இளம்பெண் இறந்தார். உலோகச் சோர்வு காரணம். இரும்பு ஒரேயடியாக முறிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் பாரத்தால் தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று தொடங்கி, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் உள்ளே ஊர்ந்து, மிஞ்சிய இரும்பு தாங்காத நாளில் முறிகிறது. வெறுங்கண்ணுக்கு வெடிப்பு தெரியாது. அதனால் அச்சைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, சிவப்பு மையைப் பூசிச் சில நிமிடம் ஊறவிடுவார்கள். பிறகு மையை வடிவாகத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைத் தூள் தெளிப்பார்கள். வெடிப்புக்குள் இறங்கியிருந்த மை மெல்ல ஊறி வெளியே வந்து வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். மலிவான வேலை. செய்யாமல் தள்ளிப்போடுவதும் சுலபம். ஆபத்து வளர்வது அந்த இடத்தில்தான். 2023இல் அமெரிக்காவின் கரோவின்ட்ஸ் பூங்காவில் 325 அடிக் கோஸ்டர் ஒன்றின் தூணில் வெடிப்பு முற்றி, ரயில் வரும்போது தூண் விலகி நிற்பதைக் கண்டு படம் பிடித்தவர் பார்வையாளர் ஒருவர். அண்ணாந்து பார்ப்பது வீண்வேலை இல்லை.

இனி, நடுவழியில் ரயில் நின்றுவிடுவது. செய்தியாக வந்தால் எல்லோருக்கும் பதற்றம். பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னாலுள்ள துண்டு காலியாகாவிட்டால் பின்னால் வருவதைக் கட்டுப்பாட்டுக் கணினி பிரேக்கிலோ ஏற்றத்திலோ மறித்துவிடும். பெரும்பாலான நிறுத்தங்கள் இந்தக் கணினி தன் வேலையைச் செய்ததன் விளைவு. 2015 ஜூன் 2ஆம் திகதி இங்கிலாந்தின் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் கோஸ்டரில் கணினி சரியாகத்தான் மறித்தது. ஆளில்லாத சோதனை ரயில் ஒன்று பாதையின் நடுவில் தேங்கி நின்றது. தடம் காலி, கணினி தவறாகச் சொல்கிறது என்று எண்ணிய ஊழியர்கள் அந்த மறிப்பை நீக்கி 16 பேர் இருந்த ரயிலை அனுப்பினார்கள். மோதலில் இரு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் அபராதம். அன்று கணினி சொன்னதை ஒருவர் நடந்துபோய்ப் பார்த்திருந்தால் போதும்.

உங்களை இருக்கையில் பிடித்து வைக்கும் கம்பியும் அப்படித்தான். நல்ல கோஸ்டரில் ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கும்படி இரண்டு பூட்டுகள் இருக்கும். மின்சாரம் போனால் திறக்காது, பூட்டியபடியே இருக்கும். ஆனால் கம்பி பிடிக்க வேண்டியது தொடையின் மேற்பக்கத்தை. வயிறு பெரிதான ஒருவருக்குக் கம்பி வயிற்றில் முட்டி நின்றுவிடும், தொடைக்கு மேலே வெற்றிடம் இருக்கும். உயரக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இந்த உடல் அளவுக் கணக்கில்தான். 2022 மார்ச்சில் ஒர்லாண்டோவில் செங்குத்தாக விழும் கோபுரம் ஒன்றிலிருந்து 14 வயதுப் பையன் விழுந்து இறந்தான். அந்த இருக்கையில் கம்பி பூட்டியாயிற்றா என்று பார்க்கும் உணரி, இடைவெளி வழமையான அளவின் ஏறத்தாழ இருமடங்காக இருந்தாலும் பூட்டியாயிற்று என்று விளக்குக் காட்டும்படி கையால் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. இருக்கை பெல்ற்றும் இல்லை. ஊழியர் விளக்கைப் பார்த்தார், இடைவெளியைப் பார்க்கவில்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டு கோஸ்டர் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தால் அது பிழையான முடிவு. பூங்காத் தொழிலின் சங்கம் சொல்லும் கணக்கில், அமெரிக்காவில் நிலையான பூங்காச் சவாரிகளில் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 1 கோடியே 55 இலட்சம் சவாரிக்கு ஒன்று. தொழில்காரரின் கணக்கு என்று கொஞ்சம் கழித்தாலும் மிகச் சிறிய எண்தான். இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் நித்திரை கொண்டபடி கொழும்புக்குப் போகிறோம். ஹெல்மெற் இல்லாத பிள்ளையைப் பெற்றோல் தாங்கியில் இருத்தி மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குக் கொண்டுபோகிறோம். நெஞ்சு படபடப்பதில்லை.

ஏன் என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். தானாக விரும்பி ஏற்கிற ஆபத்தை மனிதர் பிறர் திணிக்கிற ஆபத்தைவிடப் பல மடங்கு பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்கப் பொறியியலாளர் சோன்சி ஸ்டார் 1969இல் எழுதினார். மனதில் இலகுவாக வருகிற காட்சியை அடிக்கடி நடப்பதாக எண்ணிவிடுகிறோம் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973இல் காட்டினார்கள். கோஸ்டர் விபத்து உலகத்தின் எந்த மூலையில் நடந்தாலும் காணொளி கைக்கு வந்துவிடுகிறது. ஏ9 வீதியில் முகமாலையில் நடந்த விபத்து ஒரு நாள் செய்தி. மோட்டார் சைக்கிளின் கைபிடி நமது கையில் இருக்கிறது, கோஸ்டரில் ஒன்றும் நமது கையில் இல்லை என்பதும் பெரிய காரணம். கையில் பிடி இருந்தால் கட்டுப்பாடு இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது.

இதே மனம்தான் மறுபக்கத்திலும் ஏமாறுகிறது. உயரம் குறைவு, வேகம் குறைவு என்றால் பயம் வராது. பயம் வராததால் பார்ப்பதும் இல்லை. கார்னிவல் சவாரி லொறியில் வந்து, இரண்டு நாளில் பூட்டப்பட்டு, சில கிழமையில் கழற்றப்பட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான இணைப்புகள் கையால் பூட்டப்படுகின்றன. அவற்றில் பல, போல்ற் இல்லாமல் தடித்த இரும்புப் பின் (pin) ஒன்றைச் செருகி, நுனித் துளையில் வளைந்த கம்பிக் கிளிப் மாட்டுகிற வகை. கழற்றும்போது முதலில் தொலைவது கிளிப்தான். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆணி ஒன்றைச் செருகுவார்கள். அதிர்வில் கம்பி தேய்ந்து அறும்; அந்த இரும்புப் பின் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். ராட்டினத்தின் கூடை தொங்கும் இடத்தையும் கைகள் சேரும் இடத்தையும் வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். கட்டுக்கம்பி தெரிந்தால் ஏற வேண்டாம்.

அடுத்தது கால். சவாரியின் பாரம் முழுவதும் நாலைந்து கால்கள் வழியே மண்ணுக்குப் போகிறது. காலின் கீழே அகலமான பலகையும், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய வைரக் கட்டைகளும் இருக்க வேண்டும். சீமெந்துக் கல்லோ, உருளும் தென்னங்குற்றியோ, ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டையோ கூடாது. முற்றவெளி கடலேரிக் கரை. தை மாதத்தில் மாரி ஓய்ந்த கையோடு மேல்மண் காய்ந்ததுபோல் இருக்கும், கீழே ஈரம் நிற்கும். ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கினால் அச்சு சரியும், அச்சைத் தாங்கும் இடத்தில் பாரம் ஒருபக்கம் விழும். காலையில் மட்டம் பார்த்தது மாலைக்குப் போதாது. சவாரி ஓடும்போது ஏதாவது ஒரு கால் மேலெழும்பி இறங்கினால் அதுவே போதுமான அடையாளம். கடலேரி உப்புக்காற்றில் துருவும் வேகமாகப் பிடிக்கும். வெல்டிங் செய்து ஒட்டிய இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் பளிச்சென்று தெரிந்தால் என்ன மறைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

நல்லூர்க் காலத்தில் மழை இல்லை, சோளகக் காற்று இருக்கிறது. ஐரோப்பியத் தரநிலையில் இப்படியான சவாரிகள் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் காற்று வேகம் செக்கனுக்கு 15 மீற்றர், அதாவது மணிக்கு 54 கிலோமீற்றர். மரம் முழுதாக அசைந்து, எதிர்க்காற்றில் நடக்கச் சிரமப்படும் அளவு அது. அப்படியான காற்றில் ராட்டினம் நிற்க வேண்டும். ராட்டினத்தில் இன்னொன்று: கூட்டம் வந்தவுடன் அடுத்தடுத்த கூடைகளை நிரப்பிக்கொண்டு போகக் கூடாது, எதிரெதிராக ஏற்ற வேண்டும். ஒருபக்கம் நிறைந்தால் பாரம் பிரேக்கை மீறி இழுக்கும்.

2019இல் அகமதாபாத் காங்காரியா பூங்காவில் ஊஞ்சல்போல் ஆடும் சவாரியின் கை முறிந்து 2 பேர் இறந்தார்கள். அனுமதிக் கடிதம் மட்டும் போதாது. ஆசனங்களில் மணல்மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்களா, இன்று காலை வெறுமையாக ஓட்டினார்களா, யார் கையெழுத்து வைத்தது என்று உள்ளூராட்சி சபையும் கோயில் நிர்வாகமும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி கேட்கப்படாமல் மைதானம் வாடகைக்குப் போவது எனக்குக் கோபம் தருகிறது. மின்பிறப்பாக்கியின் வயரில் ரேப் சுற்றிய மூட்டு ஈரமண்ணில் கிடந்தாலோ, இரும்பு வேலியைத் தொடும்போது சுர்ரென்று கூசினாலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள், உடனே சொல்லுங்கள்.

ஏறும்போது நீண்ட பின்னலைக் கொண்டை போட்டு இறுக்குங்கள்; ஷாலையும் சேலைத் தலைப்பையும் உள்ளே செருகுங்கள். சுழலும் அச்சில் சிக்கினால் இழுத்தெடுக்க நேரம் இருக்காது. நடுவில் நின்றுவிட்டால் கம்பியைத் தள்ளித் திறக்கப் பார்க்க வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள். 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 பேர் உயரத்தில் சில மணிநேரம் மாட்டிக்கொண்டபோது தீயணைப்புப் படை ஒவ்வொருவராக இறக்கியது.

பெரியவரும் பிள்ளையும் ஒரே கம்பிக்குள் இருக்கிற சவாரியில் கூடுதல் கவனம் தேவை. கம்பி பெரியவரின் வயிற்றில் முட்டி நின்றுவிடும்; பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் பிள்ளையே நழுவிப் போகிற அளவு இடைவெளி இருக்கும். ஒரே அளவான பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றுங்கள். சுழலும் சவாரியில் பெரியவர் கூட ஏறத்தான் வேண்டுமென்றால் அவர் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் சுழற்சி எல்லோரையும் வெளியே தள்ளும். உட்பக்கம் இருக்கும் பெரியவர் பிள்ளைமேல் நெரிப்பார். கம்பி இறங்கிய பிறகு உங்கள் பொத்திய கையைப் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் ரிக்கெற் காசைப் பார்க்காமல் இறக்குங்கள்.