சிந்தாமணி வாசித்த வீடு

உ.வே. சாமிநாதையர் என்றாலே ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, கும்பகோணத்துச் சைனர் வீடு ஒன்றில் அவர் பாடம் கேட்ட கதையே பிடிக்கும்.

1880-இல் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி என்ற சைனக் காப்பியத்தைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அந்தாதி, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பித்த கல்லூரித் தமிழாசிரியர் அதைப் படித்திருக்கவில்லை. முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்தார். நச்சினார்க்கினியர் உரை உண்டுதான். ஆனால் சைன சமயம் அறியாதவருக்கு அந்த உரையே இன்னோர் உரை கேட்கும். திணறிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளூரிலேயே சைனர்கள் இருப்பது தெரியவந்தது.

தேடிப் போனால் வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிந்தாமணி படித்து முடித்த கொண்டாட்டமாம்! கிடைத்தற்கரிய ஏடு என்று அவர் நினைத்த நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பாராயணமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வருகின்றன.

அவர் வளர்ந்த சூழல் சைவ மடம். சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததால்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று கதை சொல்லும் மரபு அது. அந்த மரபில் வந்தவர் சைனர்களோடு உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறார். அவர்களும் சலிக்காமல் விளக்குகிறார்கள். 1887-இல் அச்சேறிய பதிப்புக்குச் சுவடிகள் எவ்வளவு உதவினவோ, அந்தப் பேச்சும் அவ்வளவு உதவியது என்பேன். ஏடு பாடத்தைக் காக்கும். சீவகன் வணங்குவது யாரை, முத்தி என்று சைனர் சொல்வது எதை என்பதெல்லாம் அதை நம்பி வாழ்கிறவர் வாயிலிருந்து வர வேண்டும்.

நாங்கள் நண்பர்கள் சிலர் மாலையில் கூடித் திருவாசகம் வாசிக்கிறோம். எங்களில் ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் "ஏன்?" என்பார். பாட்டு நகராது. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் வராத நாளில் நாங்கள் வெறுமனே ஓதிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

அந்தக் கும்பகோணத்து வாசிப்பைப் பற்றி எனக்கு ஒரு குறும்பான சந்தேகம் உண்டு. சிந்தாமணிக்கு மணநூல் என்றும் பெயர்; சீவகன் துறவு பூணுமுன் எட்டுப் பெண்களை மணக்கிறான், சிருங்காரத்துக்குப் பஞ்சமே இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்திருந்த கூடத்தில் அந்தச் செய்யுள்களை நிறுத்திப் பொருள் சொன்னார்களா, இல்லை ராகம் போட்டு வேகமாகத் தாண்டினார்களா?