ஆறாம் வகுப்புக்கு எங்கே?

மே 10, 2024

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. மாநிலம் முழுக்க 91.55 சதவீதமாம். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டு எதிரே உதவிபெறும் பள்ளியின் பிளெக்ஸ் ஏறிவிட்டது: ‘100 சதவீதத் தேர்ச்சி’. நாத்தனார் போனில், “கண்ணை மூடிட்டு அங்கேயே சேர்த்துடுங்க அண்ணி.”

சின்னவள் ஐந்தாவது முடித்திருக்கிறாள். எங்கள் ஊரில் இருப்பதே மூன்று: அது, நகராட்சி உயர்நிலை, அரசு மகளிர் மேல்நிலை.

மே 14

நகராட்சிப் பள்ளி. நடந்தால் ஐந்து நிமிஷம். உயர்நிலை என்பதால் பத்தோடு சரி, பதினொன்றுக்கு மறுபடி அலைய வேண்டும். வேப்பமர நிழல் நன்றாக இருந்தது.

மே 17

மகளிர் பள்ளி. கழிப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெண் பிள்ளையை ஏழு வருஷம் அனுப்பப் போகிறேன், வேறு எதைப் பார்ப்பதாம்? குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

பிளஸ் டூ இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஒருவரை வைத்திருக்கிறோம் என்று ஹெச்.எம். மேடமே சொன்னார். மறைக்காமல் சொன்னது பிடித்தது.

மே 20

உதவிபெறும் பள்ளி. மைதானம் பெரிது, கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். “பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்க?” 61 பேர். “அதே செட்டு ஒன்பதாவதுல எத்தனை பேர்?” சிரித்துக்கொண்டே அட்மிஷன் பாரத்தை நீட்டினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பையனை ஒன்பதாவதில் டி.சி. வாங்க வைத்தது இதே பள்ளிதான். அவன் நகராட்சிப் பள்ளியிலிருந்து எழுதி 287 எடுத்துப் பாஸ். அந்த 287 எந்த பிளெக்ஸிலும் இல்லை.

மே 23

இவர் இன்று 7.5 சதவீதத்தைக் கிளப்பினார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த உள் ஒதுக்கீடு. மறுவருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சிப் பள்ளி கணக்கில் வரும், உதவிபெறும் பள்ளி வராது. ஆக, ஆறாவதிலேயே முடிவெடுத்தாக வேண்டும். சின்னவளுக்கு இப்போதைக்குக் கண்டக்டர் ஆகத்தான் ஆசை.

கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் தருவதாக பிப்ரவரி பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்கள். அதில் வித்தியாசம் இல்லை.

மே 27

மகளிர் பள்ளியிலேயே சேர்த்தாயிற்று. நாத்தனாருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10

பள்ளி திறந்தாச்சு. ஐந்தாவது வரை பள்ளியிலேயே காலைச் சிற்றுண்டி, ஆறாவதுக்குக் கிடையாது. டவுன் பஸ் 8:10-க்கு. இட்லியை ஊட்டாத குறை.

சாயங்காலம் பையை இறக்கும் முன்னே சொன்னாள்: “அந்தக் கதவு இன்னும் அப்படியேதாம்மா இருக்கு.”

ஜூன் 11

ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள், நான்கு ஸ்க்ரூ, 65 ரூபாய். ஹெச்.எம். மேடத்திடம் கொடுத்தேன். “பி.டி.ஏ. கணக்குல எழுதிக்கவா?” என்றார். எழுத வேண்டாம் மேடம், இன்றைக்கே மாட்டிவிடுங்கள் என்றேன்.