அஸ்திவாரத்தைத் தொடுவதற்கு முன் ஒன்பது மாதம்

2022 மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, சென்னை மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்க அறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது. அடைமழையில் மரம் ஊறிக் கதவு பிடிப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். வெயிலில் பிடித்ததுதான் விசித்திரமாக இருந்தது. இழைக்க வந்த தச்சர் இழைப்புளியை எடுக்காமல், நிலையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "கதவு சரியாத்தான் சார் இருக்கு, நிலைதான் சாய்ஞ்சிருக்கு" என்றார். அன்று மாலை பீரோவை நகர்த்தியபோதுதான் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரை நோக்கிப் படிக்கட்டு போல ஏறியிருந்த விரிசல் கண்ணில் பட்டது. கீழே தலைமுடி அளவில் தொடங்கிய அது, மேலே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது.

என் தந்தை 1984இல் கட்டிய வீடு இது. தூண்கள் கிடையாது, செங்கல் சுவர்களே பாரம் தாங்குகின்றன. அதே இடத்தில் 2020இல் ஒரு கீறல் தெரிந்தபோது பட்டி பார்த்து வண்ணம் அடித்து மறைத்தவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியையும் கிழித்துக்கொண்டு விரிசல் வந்திருந்தது.

முதலில் வந்த மேஸ்திரி மறுபடியும் பட்டியையே சொன்னார். அடுத்து வந்த ஒப்பந்ததாரர், அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு முழுவதற்கும் அஸ்திவாரத்தைப் பலப்படுத்த 14 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மண்ணைப் பார்க்காமலேயே அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. மூன்றாவதாக, உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான கட்டமைப்புப் பொறியாளர் வந்தார். அவர் மட்டுமே மொட்டை மாடியில் தொடங்கிக் கழிவுநீர்த் தொட்டி மூடி வரை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் வடமேற்கு மூலை கீழே இறங்குகிறது என்றும், இறங்கி நின்றுவிட்டதா இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

தெரிந்துகொள்ள அவர் கையாண்ட முறை மிக எளியது. விரிசலின் குறுக்கே, பூச்சைச் சுரண்டி எடுத்த செங்கல்லின் மேல், விரல் நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டின் இரு முனைகளையும் சிமெண்ட் கலவையால் பதித்து, அதன் மேல் தேதியை எழுதினார். சுவர் சிறிது அசைந்தாலும் கண்ணாடி தாங்காது. பின்பக்க அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என மூன்று இடங்களில் ஒட்டினோம். விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் நாளைக் குறிப்பது என் வேலை.

ஜூலையில் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். மூன்றடிச் சந்தில் இயந்திரம் நுழையாது என்பதால் முக்காலி நட்டுக் கையால்தான் துளையிட்டார்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை சுத்தியல் அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவதே சோதனை. அடி குறையக் குறைய மண் மெத்து என்று பொருள். முன்பக்கத் துளையில் ஆறடி ஆழத்தில் சுத்தியல் ஒன்பது முறை விழ வேண்டியிருந்தது. பின்மூலையில் அதே ஆழத்தில் மூன்றே முறையில் குழாய் இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், மூன்றோடு நின்றபோது வயிற்றைக் கலக்கியது.

சென்னையின் நிலம் ஒரே மாதிரியானதல்ல. திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல், கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை, தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற இடங்களில் களிமண். இந்தக் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி, பிறகு மே மாதம் வரை நிலம் காயும் ஊரில், ஆழம் குறைந்த அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மண் ஆண்டுதோறும் மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது. ஆய்வகத்தில் சலித்த மண்ணைப் பத்து கிராம் வீதம் ஒரு குடுவையில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் இட்டு 24 மணி நேரம் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த மண்ணின் உப்பும் தன்மை.

ஆனால் வீடு முழுவதும் அதே களிமேல்தானே நிற்கிறது, ஒரு மூலை மட்டும் ஏன் இறங்க வேண்டும்? எதிர்வீட்டுப் பெரியவர் அருகில் நிற்கும் வேப்பமரத்தைக் குற்றம் சொன்னார். வேர்கள் ஈரத்தை உறிஞ்சுவது உண்மை என்றும், ஆனால் வளர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டினால் அதுவரை காய்ந்திருந்த களி ஈரம் குடித்து உப்பி, வேறு விதமாகச் சுவரை உடைக்கும் என்றும் பொறியாளர் விளக்கியதால் மரம் பிழைத்தது. உண்மையான காரணம் மூலையை ஒட்டி ஆய்வுக் குழி தோண்டியபோது வெளிப்பட்டது. நான்கடி ஆழத்தில், செங்கல் ஜல்லி கான்கிரீட்டின் அடியில், மண் கரும்பச்சை நிறத்தில் சோப்பு போல வழவழத்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. குளியலறையிலிருந்து செல்லும் பழைய பீங்கான் குழாயின் இணைப்பு விட்டுப்போய், எத்தனை ஆண்டுகளாகவோ கழிவுநீர் அங்கேயே ஊறியிருக்கிறது.

செப்டம்பரில் அந்தக் குழாயை அகற்றிப் பிவிசி குழாய் பதித்தோம். சுவரை ஒட்டி மழைநீர் தேங்காதபடி வெளிப்பக்கம் சரிவாகத் தளமும் போட்டோம். ஆக மொத்தம் 42,000 ரூபாய். இதோடு நின்றுவிட்டால் நல்லது என்று பருவமழை முழுவதும் காத்திருந்தோம். 2023 ஜனவரி கடைசியில் ஒரு காலை, பின்பக்க அறைக் கண்ணாடி நடுவில் நேராக வெடித்திருந்தது. சமையலறையிலும் கூடத்திலும் இருந்தவை முழுசாக இருந்தன. எனக்கு ஏமாற்றமாக இருந்தாலும், பொறியாளருக்கு அதுதான் விடை: வீடு முழுவதற்கும் வேலை தேவையில்லை, அந்த மூலையின் இருபுறமும் சேர்த்து இருபதடிக்குப் போதும்.

இடையில் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நிலம் உள்வாங்குவதற்குக் காப்பு உண்டு என்றாலும், குறைபாடான வடிவமைப்பு, தரமற்ற வேலை, நிரப்பிய மண் அமிழ்வது போன்றவை விலக்கப்பட்டிருக்கின்றன. என் விஷயத்தில் எங்களுடைய குழாயே குற்றவாளி என்பதால் விண்ணப்பிக்கவில்லை.

மார்ச்சில் வேலை தொடங்கியது. இருபதடியை நான்கடி வீதம் ஐந்து பகுதிகளாகப் பிரித்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் எண் போட்டார்கள். முதலில் ஒன்றும் நான்கும், பிறகு இரண்டும் ஐந்தும், கடைசியில் மூன்று. பழைய அஸ்திவாரத்தின் அடியில் ஏழடி ஆழம் வரை பள்ளம் பறித்து, கம்பி கட்டி, எம் 20 தரக் கான்கிரீட் போட்டு, பழைய அடித்தளத்துக்கும் புதியதற்கும் நடுவே மூன்றங்குல இடைவெளி விட்டார்கள். கான்கிரீட் இறுகிச் சுருங்கி முடிந்த பிறகு, ஈரம் குறைந்த கெட்டியான சிமெண்ட் கலவையை அந்த இடைவெளியில் கட்டையால் இடித்து இடித்துத் திணித்தால்தான் சுவரின் பாரம் புதிய கான்கிரீட்டின் மேல் உட்காரும். ஊற்று நீரை ஒரு சிறு மோட்டார் இரவும் பகலும் இறைத்தது.

இரண்டாம் நாளே மேஸ்திரி, "ஆளுங்க சும்மா நிக்குறாங்க சார், பக்கத்துல இருக்குறதையும் பறிச்சுடலாமே" என்றார். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்கள் ஒரே நேரத்தில் திறந்தால் எட்டடிச் சுவர் அந்தரத்தில் நிற்கும். வேலை நடந்த ஐந்து வாரமும் நான் அலுவலகத்துக்குத் தாமதமாகச் சென்றதற்கு மேஸ்திரியின் அந்த ஒரு வாக்கியமே காரணம்.

ஏப்ரல் இறுதியில் விரிசலின் குறுக்கே செங்கல் வரிசைகளுக்கு இடையில் கம்பி பதித்து, கோழிவலை அடித்துப் பூசினோம். பொறியாளர் கட்டணம் 25,000, மண் பரிசோதனை 38,000, குழாயும் தளமும் சேர்த்த 42,000, அஸ்திவாரம் 3,60,000, சுவர் வேலை 70,000: மொத்தம் 5,35,000 ரூபாய்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் முதல் வேலையாக, புதிய பூச்சின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். உடையவில்லை, அடுத்த மே மாதத்திலும் உடையவில்லை. கதவை மட்டும் இன்றும் இடது கையால் சற்றுத் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது. இறங்கிய மூலையைத் தூக்கி நிறுத்தப் போனால் இதுவரை ஒட்டியிருக்கும் இடமெல்லாம் விட்டுப்போகும் என்று பொறியாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். தச்சர் மறுபடி வந்தார். இந்த முறை இழைப்புளியை எடுத்தார்.