வெளியே வந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

நான் பலதார மணத்தைக் கடைப்பிடிக்கும் மதக் குழு எதிலும் பிறந்தவளும் இல்லை, அதிலிருந்து தப்பியவளும் இல்லை. தப்பி வந்த ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டில் இடம் கொடுத்தவள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். அவளால் தமிழ் படிக்க முடியாது என்பதால் வாயால் சொல்லிக் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன். பெயர், குழு, ஊர் மூன்றையும் விட்டுவிடச் சொன்னாள். பிள்ளைகளின் வயதையும் சொல்லவில்லை.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், செயின்ட் ஜார்ஜ் நகரில் இருக்கிறோம். இந்தப் பக்கத்தில் பலதார மணம் பழங்கதை இல்லை. இந்த மாநிலத்தில் வேரூன்றிய மார்மன் திருச்சபை 1890லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று அப்படி மணம் செய்கிறவர்களைச் சபையிலிருந்து நீக்கியும் விடுகிறது. அந்த அறிவிப்பை ஏற்காதவர்கள்தான் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து போனார்கள். எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டி இருக்கும் ஹில்டேல், கொலராடோ சிட்டி என்ற இரட்டை ஊர்களைப் பற்றிச் செய்தியில் படித்திருப்பீர்கள். முன்னது யூட்டா, பின்னது அரிசோனா. அங்கே தீர்க்கதரிசியாக இருந்த வாரன் ஜெஃப்ஸ், சிறுமிகளை வன்கொடுமை செய்த வழக்கில் 2011இல் டெக்சாஸில் ஆயுள் தண்டனையும் கூடவே 20 ஆண்டும் வாங்கி உள்ளே இருக்கிறார். அவருடையதைத் தவிர வேறு குழுக்களும் இருக்கின்றன. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இவள் வாழ்ந்த வீடு கொடுமையானது, அதைத்தான் சொல்கிறேன்.

பதினேழு வயதில் மூன்றாவது மனைவியாகக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை யார் என்று முந்தின நாள்தான் தெரியுமாம். அடி, பட்டினி, பிள்ளைகளைத் தனி அறையில் பூட்டுவது எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறாள். கிளம்ப வைத்தது வேறு ஒன்று. கணவனுக்கும் குழுத் தலைவருக்கும் ஏதோ மனக்கசப்பு. இவன் தகுதியற்றவன், இவன் மனைவிகளையும் பிள்ளைகளையும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் நாளைக்கு வேறொரு மனிதரை ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும். அதுவும் மூத்த பையன் ஒரு வீட்டுக்கு, சின்னவர்கள் இன்னொரு வீட்டுக்கு என்று கேள்விப்பட்டதும் முடிவு செய்துவிட்டாள்.

கிளம்பிய விதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டி கட்டவில்லை. பட்டப்பகலில், குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்த காரில் ஏறிவிட்டாள். ஏற்பாடு செய்தது இப்படி வெளியேறுகிறவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பு. யூட்டாவில் இந்த வேலையைச் செய்யும் அமைப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அவர்களுக்கு எப்போதும் வீடுகள் தேவை. என் பையன் கல்லூரிக்குப் போனதில் மாடி காலியாக இருந்தது, பெயர் கொடுத்திருந்தேன்.

“இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள்?” என்று தோழிகள் கேட்டார்கள். பூட்டியா வைத்திருந்தார்கள் என்றார்கள். பூட்டு எதுவும் இல்லை. போலீஸைப் பார்த்தால் பிள்ளைகள் போய்விடும் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரமும் கையில் இருந்தது: 1953இல் அரிசோனா அரசு அந்த எல்லை ஊரில் திடீர்ச் சோதனை நடத்தி நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. 2008இல் டெக்சாஸில் ஒரு பண்ணையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துப் போனார்கள். அப்புறம் அம்மாநில உச்ச நீதிமன்றமே அது செல்லாது என்று சொல்லிப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. உள்ளே அடிக்கிறவனைவிட வெளியே பிடுங்குகிறவன் பெரிய பூதம். என் வீட்டு வாசலில் ஒரு போலீஸ் கார் மெதுவாகப் போனபோது மூன்று பிள்ளைகளும் சொல்லாமலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். அதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கறுத்த தோல் கடவுளின் சாபம் என்று அங்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானோ நல்ல கறுப்பு. முதல் சில நாட்கள் பெரியவன் என் கையிலிருந்து தட்டு வாங்க மாட்டான். மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துக்கொள்வான். அவன் அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். பசி எடுத்தால் தானாகச் சரியாகும் என்று விட்டேன், சரியாயிற்று.

சரி, காகித விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. வீட்டில் பிறந்தவள், மருத்துவச்சி பதிவு செய்யவில்லை. அரசு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. பள்ளிக்கூடமும் வீட்டிலேயே, ஒரு மதிப்பெண் பட்டியல்கூடக் கிடையாது. இந்த நாட்டில் அந்த எண் இல்லாமல் முறையான வேலைக்குப் போக முடியாது. எண் வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கேட்கப் போனால் அடையாள அட்டை எங்கே என்பார்கள். அடையாள அட்டை கேட்டால் சான்றிதழ் எங்கே என்பார்கள். செக்குமாடு மாதிரி சுற்றினோம்.

சுற்றை உடைத்தது ‘தாமதப் பிறப்புப் பதிவு’ என்ற வழி. பிறந்தபோது பதிவாகாதவர்கள், தம் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர் இவற்றைக் காட்டும் பழைய ஆவணங்களைத் திரட்டி, பிறப்பைப் பற்றித் தெரிந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பிக்கலாம். அது போதாது என்றால் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும். பழைய ஆவணத்துக்கு எங்கே போவது? சிறு வயதில் கை ஒடிந்து ஒரு கிளினிக்குக்குப் போன நினைவு அவளுக்கு இருந்தது. அந்தச் சீட்டு கிடைத்தது. முன்னமே வெளியேறி, ‘விசுவாச துரோகி’ என்று பட்டம் வாங்கியிருந்த சித்தி ஒருத்தி கையெழுத்துப் போட வந்தாள். அவளைப் பார்க்கக்கூடாது, அவள் கடிதத்தைத் தொடக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் இவள். நோட்டரி முன்னால் இருவரும் பத்து நிமிடம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் போய்விட்டது.

சான்றிதழ் வந்த பிறகும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் இன்னொரு கேள்வி. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர் முதல் முறையாக எண் கேட்டால் நேரில் வந்து பேச வேண்டும். இதுவரை எண்ணே வாங்கியதில்லை என்று அவர்கள் திருப்திப்படும்படி காட்ட வேண்டும். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தலை சுற்றியது. கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமைசாலி. வங்கிக் கணக்கு இருந்ததா, வரி கட்டினாயா, வெளியே வேலை பார்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் “இல்லை, அனுமதி இல்லை” என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு எதிர்பாராத பாடம் கிடைத்தது. அவர்கள் செய்தது ‘ஆவிக்குரிய திருமணம்’. அரசு உரிமம் முதல் மனைவிக்கு மட்டும். அதனால் இவளுக்கு விவாகரத்து தேவையில்லை. ஜீவனாம்சம், வீட்டில் பங்கு எதுவும் கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி கேட்கக்கூட உரிமை இல்லை. நான் கொதித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அமைதியாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்: சின்னவர்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் தந்தை பெயருக்கான இடம் காலி; பெரியவனுக்குச் சான்றிதழே இல்லை. பலதாரக் குடும்பம் என்று தெரியாமலிருக்க அந்த வீட்டார்தான் இடத்தைக் காலியாக விடச் சொன்னது. அவள் வாழ்ந்த வீடு இருந்தது அரிசோனாவில்; அந்த மாநிலச் சட்டப்படி, மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தந்தை யார் என்று நிறுவி, குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்யும்வரை தாயே சட்டப்பூர்வப் பாதுகாவலர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்ததைக் கடத்தல் என்று அவன் புகார் கொடுக்க முடியாது. தன்னை மறைத்துக்கொள்ள அவன் போட்ட திரை இவளுக்கு உதவியது.

பிள்ளைகள் யார் பொறுப்பில் என்று வழக்குப் போனால், அவர்கள் கடைசி ஆறு மாதம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தார்களோ அங்கேதான் நடக்கும். இவர்களுக்கு அது அரிசோனா; மாவட்ட நீதிமன்றம் கிங்மனில். நடுவே கிராண்ட் கேன்யன் குறுக்கே கிடப்பதால், சொந்த மாவட்டத் தலைநகருக்கு நேராகப் போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அவன் இவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு ஆணையை மட்டும், அவசரம் என்பதால், தஞ்சம் புகுந்த யூட்டாவிலேயே கேட்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. அதை வாங்கினோம்.

ஆணை கேட்கப் போகும் முன் அவள் கேட்டது, “மூன்றாவது மனைவி என்று நீதிபதி முன்னால் சொன்னால் என்னைப் பிடித்து வைப்பார்களா?” என்று. யூட்டா 2020இல் சட்டத்தைத் திருத்தி, வயது வந்தவர்கள் விருப்பத்தோடு பலதார மணமாகச் சேர்ந்து வாழ்வதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்திலிருந்து சிறு மீறலாக இறக்கியது. வற்புறுத்தல், மோசடி, வன்முறை இருந்தால் இன்னமும் பெருங்குற்றம்தான். பலதார மணத்துக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள் என்று அதைத் திட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அன்றைக்கு அவளுக்குத் தைரியமாக ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தது அந்தத் திருத்தத்தால்தான். என் மட்டில் அது போதும்.

அரசின் பண உதவிக்கு விண்ணப்பித்தபோது சிக்கல் வந்தது. தந்தையின் பெயரைச் சொல்லி, அவரிடமிருந்து பராமரிப்புத் தொகை வசூலிக்க ஒத்துழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெயரைச் சொன்னால் தந்தை என்று நிறுவ வேண்டும். நிறுவினால் அவனுக்கு உரிமை பிறக்கும். வன்முறை ஆபத்து உள்ளவர்கள் இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு கேட்கலாம் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பாதுகாப்பு ஆணையின் நகலை இணைத்துக் கேட்டோம், கொடுத்தார்கள். இப்படி உதவப் போகிறவர்கள் யாராவது படித்தால், பின்பக்கத்தையும் படியுங்கள்.

இப்போது அவள் ஒரு நர்சரியில் செடிகளைப் பார்த்துக்கொள்கிறாள். உயர்நிலைப் பள்ளிக்கு ஈடான ஜிஇடி தேர்வில் நான்கு பாடம்; ஒவ்வொன்றிலும் 145 எடுக்க வேண்டும். கணக்கில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள், நாற்பது பேருக்கு அரிசி பருப்பு அளந்த கை. சமூக அறிவியல்தான் உதைக்கிறது. உலகப் போர் என்று ஒன்று நடந்ததே தெரியாமல் வளர்ந்தவளுக்கு நான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கும் பாதி மறந்துவிட்டது.

அவள் அழுவது கணவனுக்காக இல்லை. மூத்த மனைவிக்காக. நடுப் பிள்ளையை வளர்த்தது அவள்தான். அந்தக் குழந்தை இன்னமும் தூக்கத்தில் அவள் பெயரைத்தான் கூப்பிடுகிறது. அவளுக்குக் கடிதம் போடலாமா என்று கேட்டாள். வேறொரு கையில் கிடைத்தால் முகவரி தெரிந்துவிடும், இப்போது வேண்டாம் என்றது அமைப்பு. எழுதி என் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறாள்.

பாக்கி இருப்பது பெரியவனின் பிறப்புப் பதிவு. சின்னவர்கள் இருவரும் கிளினிக்கில் பிறந்தவர்கள், சான்றிதழ் இருக்கிறது. இவன் மட்டும் வீட்டில். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். நீதிமன்ற உத்தரவுக்கு மனுப் போட்டிருக்கிறோம். அதற்கிடையில் பள்ளிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொண்டது, சான்றிதழ் வந்ததும் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.