சத்துவாச்சாரி நாட்குறிப்பு: பகுதி சபை கூடுகிறது

அக்டோபர் 27, 2022

உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று நகரங்களிலும் கிராம சபை மாதிரி, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடப்போகிறதாம். கவுன்சிலர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அணைக்கட்டுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அக்கா வருஷக்கணக்காகக் கிராம சபைக்குப் போகிறாள். அவள் எழுந்து கேட்டால் தீர்மானத்தில் ஏறும். 2011-ல் சத்துவாச்சாரி வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அறுபது வார்டில் ஒன்றான எங்களுக்கு மனு கொடுப்பதுதான் வழி. வார்டு குழு பற்றிச் சொல்லும் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-ல். எவ்வளவு தாமதம்!

அக்டோபர் 29

மழை பிடித்துக்கொள்ளும் முன் நாலைந்து பேராகக் கால்வாயோரம் நடந்தோம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. முனைச் சிறுபாலத்தின் குழாய்க்குள் டார்ச் அடித்தால் பாதிக்கு மேல் அடைப்பு. உடைந்த செங்கல், தெர்மாக்கோல், சேறு ஊறிய சாக்கு. பக்கத்து வீட்டில் பூ கட்டும் அம்மா சுவரில் படிந்த கறையைக் காட்டினார். "இன்னாபா பண்றது, வருஷா வருஷம் தண்ணி இதுமட்டும் நிக்குது. அரிசி மூட்டைய மேல ஏத்திட்டுத்தான் தூங்குவேன்." டேப் வைத்து அளந்தோம். முக்கால் அடி.

அக்டோபர் 31

சபையில் எதை முதலில் கேட்பது என்று பேசினோம். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குடிநீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் மழைக்காலத்தில் சிறுபாலம்தான் முதலில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

நவம்பர் 1

முதல்வர் தாம்பரம் மாநகராட்சி பம்மலில் கலந்துகொண்டார். எங்களுடையது சாமியானா பந்தலில். பூக்கார அம்மா பேசினார், கூட்டம் அமைதியாகக் கேட்டது. மினிட் எழுதியவர் "கால்வாய் தூர்வாரக் கோரிக்கை" என்று முடித்திருந்தார். அப்படியே விட்டால் எந்தக் கால்வாயை வேண்டுமானாலும் தூர்வாரிவிட்டுக் கணக்கு காட்டலாம். "எந்தத் தெரு, எந்தச் சிறுபாலம்னு போடுங்க சார்" என்றேன். முகம் சுளிக்காமல் எழுதிச் சேர்த்தார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் 5

தூய்மைப் பணியாளர்கள் வந்து மூடியைத் தூக்கினார்கள். வாரிய சேற்றை அன்றே வண்டியில் ஏற்றச் சொல்லி நின்றோம். ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே உள்ளே போய்விடும்.

ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பெண்களில் ஒருவர்கூட சபை நடந்த அன்று வர முடியவில்லை. தண்ணீர் பிடிப்பதும் வீட்டுக்குள் வந்த சேற்றைக் கழுவுவதும் அவர்கள்தான். அடுத்த சபையைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வைக்கக் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.