65.1 இன்னிங்ஸ் என்றால் எவ்வளவு: பிட்சர் அட்டை நாட்குறிப்பு

ஜனவரி 4, ஞாயிறு

இந்த மாதம் நானே கணக்குப் போட்டுச் செய்யும் மூன்று பிட்சர் (பந்து வீசுபவர்) அட்டைகள்: போபோ ஹாலமன், கார்ல் ஸ்பூனர், ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. மூன்றும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற, பகடையும் வீரர் அட்டையும் வைத்து மேசையில் ஆடும் பேஸ்பால் ஆட்டத்துக்கான அடிப்படை வகை அட்டை.

புதிதாக வருபவர்களுக்கு ஆட்டத்தின் எலும்புக்கூடு மட்டும். மூன்று பகடை. ஒன்று எந்தப் பத்தி என்று சொல்லும்: 1, 2, 3 வந்தால் பேட்டரின் அட்டை, 4, 5, 6 வந்தால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்தப் பத்தியில் எந்த வரி என்று சொல்லும். ஒரு பத்தியில் 2 முதல் 12 வரை 11 வரி, ஆனால் எடை வேறு வேறு. 7 விழ 36-ல் 6 வாய்ப்பு. 6, 8-க்கு 5. 5, 9-க்கு 4. 4, 10-க்கு 3. 3, 11-க்கு 2. 2, 12-க்கு 1. ஆக ஒரு பத்திக்கு 36, ஒரு அட்டைக்கு 108 வாய்ப்பு. அட்டை செய்வது என்பது இந்த 108-ஐப் பங்கு போடுவதுதான்.

பாதி ஆட்டம் பேட்டரின் அட்டையில் நடக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறு பேட்டருக்கு 16 வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்த பிட்சருக்கு அட்டையிலும் 16 சதவீதம் எழுதினால், சராசரி பேட்டர் எதிரே நிற்கும்போது 12, 13-தான் வரும். சூத்திரம் இது: பிட்சரின் விகிதத்தை 216-ஆல் (இரண்டு அட்டைக்கும் சேர்த்து உள்ள வாய்ப்பு) பெருக்கு, லீக் சராசரியை 108-ஆல் பெருக்கிக் கழி. மிச்சம்தான் அட்டையில் எழுத வேண்டியது.

ஜனவரி 7, புதன்

ஹாலமன், 1953, செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ். மேஜர் லீக்கில் தன் முதல் ஸ்டார்ட்டிலேயே, மே 6 அன்று, பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்து பேஸை எட்டும் ஒரு அடிகூட, கொடுக்காத முழு ஆட்டம்) போட்டவர். அந்த ஒரு சீசனோடு மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. கணக்கு: 3 வெற்றி, 7 தோல்வி, 65.1 இன்னிங்ஸ், 69 ஹிட், 50 வாக், 25 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது).

முதல் பள்ளம் இங்கேயே இருக்கிறது. 65.1 தசம எண் இல்லை. 65 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும்; பிட்சர் கணக்கில் மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ். கணினி அட்டவணையில் அப்படியே போட்டு 3-ஆல் பெருக்கினால் 195.3 அவுட் என்று காட்டும். சரியான விடை 196. இன்னிங்ஸுக்கு ஒரு கலம், மிச்ச அவுட்டுக்கு ஒரு கலம் என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சந்தித்த பேட்டர்கள் எத்தனை பேர் என்பது கையில் இல்லாதபோது அவுட், ஹிட், வாக் மூன்றையும் கூட்டிக்கொள்ளலாம்: 196 + 69 + 50 = 315. டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) இதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஃபீல்டர்களின் பிழை கொஞ்சம் குறைத்துக் காட்டும். பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

வாக்: 50/315, அதாவது 15.9 சதவீதம். 216-ஆல் பெருக்கினால் 34.3. லீக் சராசரியை 9 சதவீதம் என்று வைத்தால் கழிக்க வேண்டியது 9.7. மிச்சம் 24.6, அதை 25 ஆக்கிவிட்டேன். ஹிட்: 47.3-லிருந்து லீக் பங்கு சுமார் 25.4 போக 21.9. ஸ்ட்ரைக் அவுட்: லீக் 10.5 சதவீதம் என்று வைத்தால் 6-க்குச் சற்றுக் கீழே.

ஜனவரி 8, வியாழன்

வரிகளில் நிரப்பும் வேலை. முதலில் எக்ஸ் வரிகள். பந்து ஃபீல்டரிடம் போய், அவர் தரத்தைப் பொறுத்து முடிவாகும் வாய்ப்புகள் இவை. ஒரு பிட்சர் அட்டையில் மொத்தம் 30: ஷார்ட்ஸ்டாப் 7, செகண்ட் பேஸ் 6, தர்ட் பேஸ் 3, கேட்சர் 3, சென்டர் ஃபீல்டு 3, ஃபர்ஸ்ட் பேஸ், பிட்சர், லெஃப்ட், ரைட் தலா 2. இதைத் தொடாமல் வைப்பது நல்லது. எக்ஸிலிருந்தும் ஹிட் விழும் என்பதால் ஹிட் கணக்கில் 4 குறைத்துக்கொள்வது என் வழக்கம். ஹாலமனுக்கு எழுத வேண்டிய ஹிட் 18 ஆகிறது.

25 வாக்: நான்காம் பத்தியில் 7-ம் 8-ம் (11), ஐந்தில் 6-ம் 9-ம் (9), ஆறில் 8 (5). ஒரே பத்தியில் குவித்தாலும் கணிதம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பத்தி எண் விழுந்த உடனே மேசையில் எல்லாருக்கும் முடிவு தெரிந்துவிடும்; அது ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கிறது.

பின்னங்களுக்கு 20 முகப் பகடை. 5 வாய்ப்புள்ள வரியில் ‘டபுள் 1–7, சிங்கிள் 8–20’ (இரண்டு பேஸ் ஹிட், ஒரு பேஸ் ஹிட்) என்று எழுதினால் டபுள் 1.75, சிங்கிள் 3.25.

கடைசியில் 33 வரிகளின் எடையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 25 + 18 + 6 + 30 = 79. மீதி 29 சாதாரண கிரவுண்டர், ஃப்ளை அவுட். கூட்டுத்தொகை 107 அல்லது 109 வந்தால் பெரும்பாலும் எங்கோ 6 எடைக்குப் பதில் 5 அல்லது 5-க்குப் பதில் 6 என்று எண்ணியிருப்போம். சரிபார்ப்புக்கு ஆயிரக்கணக்கில் பகடை உருட்டத் தேவையே இல்லை: (25 + 9.7) / 216 = 16.1 சதவீதம். உண்மையில் 15.9. போதும்.

நோ-ஹிட்டருக்காக அட்டையை இனிப்பாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். செய்யக் கூடாது. அந்த இரவிலும் அவர் 5 வாக் கொடுத்தார். அட்டை அவருடைய 65 இன்னிங்ஸுக்கும் சொந்தம்.

ஜனவரி 11, ஞாயிறு

ஸ்பூனர். புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 1954 செப்டம்பரில் இரண்டே ஆட்டம், இரண்டும் ஷட் அவுட் (எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராத ஆட்டம்). 18 இன்னிங்ஸ், 7 ஹிட், 6 வாக், 27 ஸ்ட்ரைக் அவுட். ஜயன்ட்ஸுக்கு எதிராக 15, பைரேட்ஸுக்கு எதிராக 12.

சூத்திரத்தில் போட்டால் அட்டையே வழிந்துவிடுகிறது. சந்தித்தது 67 பேர். ஸ்ட்ரைக் அவுட் 40 சதவீதம். லீக் பங்கைக் கழித்தபின் 75 வாய்ப்பு. வாக் 10, எக்ஸ் 30. மொத்தம் 115. இருப்பதோ 108. ஹிட் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அதாவது பேட்டர் தன் அட்டையில் அடிக்கும் ஹிட்களே ஸ்பூனர் கொடுத்ததைவிட அதிகம். பிட்சர் அட்டையால் அவற்றை அழிக்க முடியாது.

எக்ஸை வெட்டி இடம் பண்ணுவது ஒரு வழி. எனக்கு உடன்பாடில்லை. 18 இன்னிங்ஸ் ஒரு மனிதனின் திறமைக்கு அளவுகோல் ஆகாது. 1955 வசந்தகாலப் பயிற்சியில் தோளில் அடிபட்டும் அந்த ஆண்டு 98.2 இன்னிங்ஸ் வீசினார். இரண்டு ஆண்டையும் சேர்த்தால் 116.2 இன்னிங்ஸ், 86 ஹிட், 47 வாக், 105 ஸ்ட்ரைக் அவுட். இதில் ஸ்ட்ரைக் அவுட் 35, வாக் 11, ஹிட் 9, எக்ஸ் 30, மற்ற அவுட் 23. கச்சிதமாக 108. 35 என்பதே அந்தக் காலத்து லீக்கில் பேட்டர்களைத் திணறடிக்கும் எண். அட்டையின் தலையில் ‘1954–55’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள். வெறும் 1954 என்று போட்டு இந்த எண்களைக் கொடுப்பது பொய்.

ஜனவரி 17, சனி

டல்கோவ்ஸ்கி மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட வீசியதில்லை. மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்குகளில் ஒன்றான கலிஃபோர்னியா லீக்கில் ஸ்டாக்டன் அணிக்கு 1960-ல் 170 இன்னிங்ஸ், 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். இரண்டும் ஒரே எண். அச்சுப் பிழை இல்லை.

சந்தித்த பேட்டர்களில் பத்துக்கு ஆறு பேர் பந்தை ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவரவில்லை. எனவே எக்ஸைத் தொடாதே என்ற என் விதியை இவருக்கு மட்டும் தளர்த்துகிறேன்; ஃபீல்டர்களுக்கு வேலையே வராதபோது 30 எக்ஸ் வைப்பதுதான் தவறு. லீக் சராசரியைத் தாராளமாக வாக் 13, ஸ்ட்ரைக் அவுட் 20 சதவீதம் என்று வைத்தேன். வாக் 50, ஸ்ட்ரைக் அவுட் 43. மிச்சம் 15, அத்தனையும் எக்ஸ்: ஷார்ட்ஸ்டாப் 4, செகண்ட் 3, தர்ட் 2, மற்ற ஆறு இடத்துக்கும் தலா 1. ஹிட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அது பேட்டரின் அட்டையிலிருந்தும் எக்ஸிலிருந்தும் வந்துகொள்ளும்.

இது மைனர் லீக் பேட்டர்களுக்கு எதிரான கணக்கு. மேஜர் லீக் அட்டைகளோடு கலந்து ஆடினால் இவர் அளவுக்கு மீறி மிரட்டுவார். மைனர் லீக் அட்டைகளுக்கான தனிக் கட்டோடு சேர்த்து வைக்கிறேன்.

ஜனவரி 24, சனி

அச்சு. 250 ஜிஎஸ்எம் மேட் தாள், இங்க்ஜெட். மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்தவை. ஏ4-ல் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று விட்டால் அளவு சுருங்கி, மற்ற அட்டைகளோடு அடுக்கும்போது உள்ளே போய்விடும். ‘உண்மை அளவு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, ஒரிஜினல் அட்டை மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

தடிமன் கொஞ்சம் மாறினாலும் கவலை வேண்டாம். இந்த ஆட்டத்தில் அட்டையைக் கலைத்து எடுப்பதில்லை, மேசையில் விரித்து வைத்துத்தான் ஆடுகிறோம். மை ஒரு இரவு காயட்டும். அவசரப்பட்டு இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டினால் ஆறாம் பத்தியின் ஓரம் இழுபட்டு 8, 3 போலத் தெரியும். மூன்று அட்டையும் வெட்டியாயிற்று. அடுத்து நெட் கார்வின், புரூக்ளின், 1904.